ஹம் போக வேண்டுமா? முதலில் பெட்டிகளை நகர்த்துங்கள்

இசைத்தட்டு முடிந்து ஊசியைத் தூக்கிய பிறகும் ஸ்பீக்கர் அடங்காமல் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருக்கும். அதுதான் ஹம். பாட்டு ஓடும்போது தெரியாது. ராத்திரி தெரு அடங்கியபின், ஆலாபனையில் பாடகர் மூச்சு விடும் இடத்தில் அதுதான் முன்னால் வந்து நிற்கும். புதிதாக ஹை-ஃபை செட் வைத்திருப்பவர்கள் ஹம் வந்ததும் முதலில் தேடுவது விலை கூடிய கேபிளை. அந்தப் பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எந்தத் தட்டில் இருக்கிறது, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் அதற்கு எந்தப் பக்கம், சுவருக்கு அந்தப்புறம் என்ன ஓடுகிறது, பிளக்குகள் எத்தனை போர்டில் இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஹம்முக்குக் காரணம் இவற்றில்தான் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு டேப், ஒரு டார்ச் லைட், உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் வேலை முடிந்துவிடும்.

சத்தத்தைக் காதால் பிரித்தறிவது

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹம் அதிலிருந்துதான் பிறக்கிறது என்றாலும் எல்லா ஹம்மும் ஒன்றல்ல.

அடித்தொண்டையில் முனகுவது போன்ற கனமான சத்தம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர், மோட்டார், சுவருக்குள் ஓடும் வயர் ஆகியவற்றின் காந்தப்புலம் டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜிலோ கேபிளிலோ ஏறும்போது பெரும்பாலும் இதுதான் வரும். இதைவிட ஒரு ஸ்தாயி மேலே, சற்றுக் கரகரப்பாக வருவது 100 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயரின் உள்ளே ஏசியை டிசியாக மாற்றும் பகுதியில் வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் களைத்துப்போனால் இது வரும். "ர்ர்ர்" என்று வண்டு குடைவது போல் வந்தால் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், இன்வெர்ட்டர், எர்த் வளையம் (இது என்ன என்று பின்னால் வரும்) இவற்றில் ஒன்று.

50 எது, 100 எது என்று பிடிபடவில்லையா? சுருதி தெரிந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆண் குரலுக்கு 1 கட்டையில் கட்டிய தம்புராவில் பஞ்சமத் தந்தி சுமார் 98 ஹெர்ட்ஸில் பேசும். உங்கள் ஹம் அந்தப் பஞ்சமத்தோடு ஏறக்குறைய ஒட்டினால் அது 100. அதே பஞ்சமம் ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50. போனில் உள்ள தம்புரா ஆப் போதும். இதனாலேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது: 1 கட்டைக் கச்சேரியைப் போட்டு ஹம் இருக்கிறதா என்று சோதிக்காதீர்கள். அது தம்புராவோடு கலந்து ஒளிந்துகொள்ளும். பாட்டே இல்லாமல், நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் வைத்துக் கேளுங்கள்.

சத்தம் ஸ்பீக்கரில் வராமல் ஆம்ப் பெட்டியிலிருந்தே வருகிறதா என்பதையும் காதை வைத்துப் பாருங்கள். அது டிரான்ஸ்பார்மரின் தகடுகளும் சுருளும் அதிர்வது. வோல்டேஜ் ஏறும் நேரத்தில் கூடும். கேபிளை மாற்றுவதாலோ எர்த்தைச் சரிசெய்வதாலோ அது போகாது. பெட்டிக்கு அடியில் ரப்பர் கால் வைத்து, டர்ன்டேபிள் இருக்கும் பலகையிலிருந்து அதைப் பிரித்து வைப்பதுதான் வழி.

எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது?

இதைச் செய்யாமல் எதையும் நகர்த்த வேண்டாம். ஒவ்வொரு கேபிளைப் பிடுங்கும்போதும் சொருகும்போதும் ஆம்பை அணைத்துவிடுங்கள். ஆடியோ கேபிளின் முனையிலுள்ள ஆர்.சி.ஏ. பிளக்கில் நடுப்பின் முதலில் தொட்டு, எர்த்தான வெளி வளையம் பிறகுதான் தொடும். அந்த இடைவெளியில் வரும் முழக்கம் ஸ்பீக்கரையே கெடுத்துவிடலாம்.

முதலில் எல்லா இன்புட்டையும் கழற்றி, ஆம்பையும் ஸ்பீக்கரையும் மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதே ஹம் கேட்டால், வால்யூமைத் திருப்பினாலும் அது கூடாமல் குறையாமல் இருந்தால், கோளாறு ஆம்பின் உள்ளே. 15, 20 வருடப் பழைய ஆம்பில் இது பெரும்பாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர். மெக்கானிக்கிடம் கொடுங்கள். அணைத்த பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் மூடியை நீங்களே திறக்க வேண்டாம்.

அமைதியாக இருந்தால் அடுத்தது ஷார்ட்டிங் பிளக். எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டு ஆர்.சி.ஏ. பிளக் வாங்கி, ஒவ்வொன்றிலும் நடுப்பின்னையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு வயரால் சால்டர் செய்தால் போதும். இதை டர்ன்டேபிளை மாட்டும் ஃபோனோ இன்புட்டில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று சொருகுங்கள். அவுட்புட் துளையில் சொருகவே கூடாது. ஷார்ட் செய்த நிலையில் ஆம்ப் அமைதியாகி, டர்ன்டேபிளை மாட்டியதும் ஹம் வந்தால் ஆம்ப் குற்றமற்றது. டர்ன்டேபிள், அதன் கேபிள், அதன் இடம் இந்த மூன்றில் ஒன்றுதான்.

பிறகு ஒவ்வொரு கருவியாகச் சேருங்கள். டர்ன்டேபிள், சிடி, செட்டாப் பாக்ஸ், லேப்டாப். எதைச் சேர்த்ததும் ஹம் வருகிறதோ அதில் நின்றுவிடுங்கள். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கைந்து மாற்றங்களுக்குப் பிறகு மனக்கணக்கு தவறும்.

டர்ன்டேபிள் மட்டும் ஏன் இவ்வளவு தொட்டாற்சிணுங்கி?

சிடி பிளேயர் சுமார் 2 வோல்ட் கொடுக்கிறது. சாதாரண எம்.எம். (காந்தம் அசையும்) கார்ட்ரிட்ஜ் கொடுப்பது 3 முதல் 5 மில்லிவோல்ட். ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. எம்.சி. (சுருள் அசையும்) கார்ட்ரிட்ஜ் என்றால் அதிலும் பத்தில் ஒரு பங்குதான். இதைக் கேட்கும் அளவுக்கு உயர்த்த ஃபோனோ பகுதி 1000 ஹெர்ட்ஸில் சுமார் 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டில் அடிச்சுருதியைக் குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள். அதைச் சமன்செய்ய ஃபோனோ பகுதி கீழ்ச்சுருதியை இன்னும் தூக்கிக் கொடுக்கும். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கூடுதல் மட்டும் 17 டெசிபல். ஏழு மடங்கு. ஹம் வந்து உட்காரும் இடத்திலேயே பெருக்கமும் உச்சத்தில் இருக்கிறது.

அதோடு கார்ட்ரிட்ஜ் என்பதே காந்தமும் கம்பிச் சுருளும்தான். பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தால் இசைத்தட்டைக் கேட்பது போலவே அதையும் கேட்கும்.

தூரம்: முதல் மருந்து

டிரான்ஸ்பார்மரிலிருந்து வெளியே கசியும் காந்தப்புலம் தூரம் கூடக் கூட மிக வேகமாகக் குறையும். சற்றுத் தள்ளி நின்று அளந்தால், தூரம் இரட்டிப்பானதும் புலம் எட்டில் ஒரு பங்காகும். டெசிபல் கணக்கில் 18. ஆம்பிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் இருந்த கார்ட்ரிட்ஜை 40 செ.மீ.க்கு நகர்த்தினாலே வித்தியாசம் காதில் விழும். எந்தக் கேபிளும் இவ்வளவு தராது.

நடைமுறையில் கார்ட்ரிட்ஜுக்கும் ஆம்பின் டிரான்ஸ்பார்மருக்கும் இடையே 50 செ.மீ. வைக்கப் பாருங்கள். ஸ்டெபிலைசர் என்றால் ஒரு மீட்டர். வீட்டு யூ.பி.எஸ். என்றால் இரண்டு மீட்டருக்குக் குறையாமல். அதற்குள் இருப்பது பெரிய டிரான்ஸ்பார்மர், சார்ஜ் ஏறும்போதும் கசியும். போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் போன்ற சிறிய கட்டிகளையும் ஃபோனோ பெட்டியின் (ஃபோனோ பகுதி தனிப் பெட்டியாக இருந்தால்) மேல் வைக்கக் கூடாது, ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

சுவரை நம்ப வேண்டாம். செங்கல்லும் சிமெண்டும் காந்தப்புலத்தைத் தடுக்காது. மதுரையில் மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய வீடுகள் நீளமாக, ஒடுக்கமாக, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரோடு இருக்கும். உங்கள் டர்ன்டேபிள் சாய்ந்திருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய மெயின் போர்டோ ஃபிரிட்ஜோ இருக்கலாம். அண்ணா நகர், கே.கே. நகர் பக்கத்து அபார்ட்மெண்ட்களில் அதே சுவருக்குப் பின்னால் லிஃப்ட் மோட்டாரோ மீட்டர் போர்டோ இருக்கலாம். மாடிப்படிக்குக் கீழே யூ.பி.எஸ். வைத்து, அதே சுவரின் மறுபக்கம் ஹாலில் ஷோகேஸ் கட்டியிருக்கும் வீடுகள் நிறைய. அந்த ஷோகேஸில் டர்ன்டேபிள் வைக்கவே வேண்டாம். எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோங்கள்.

பழைய வயரிங்கில் இன்னொரு வில்லங்கம். ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டி ஓடினால் ஒன்றின் புலத்தை மற்றது பெருமளவு அழித்துவிடும். மாடிப்படி லைட்டுக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச் என்று இழுத்த இடங்களில் இரண்டும் வேறு வேறு பாதையில் போயிருக்கலாம். அப்போது நடுவிலுள்ள அறையே ஒரு பெரிய சுருளுக்குள் உட்கார்ந்தது போல் ஆகிவிடும். அந்த லைட்டைப் போட்டால் ஹம் வருகிறது, அணைத்தால் போகிறது என்றால் எலக்ட்ரீசியனிடம் இதைச் சொல்லுங்கள்.

நல்ல இடத்தைத் தேட ஒரு சின்னக் கருவி

கண்ணுக்குத் தெரியாத புலத்தைக் காதால் தேடலாம். 12 வோல்ட் ரிலே ஒன்று வாங்குங்கள். பழைய டேப் ரெக்கார்டரின் ஹெட் இருந்தாலும் சரி. பழைய ஆர்.சி.ஏ. கேபிளின் ஒரு முனையை வெட்டி, நடு வயரையும் அதைச் சுற்றியுள்ள ஷீல்டையும் ரிலேயின் சுருளுக்குப் போகும் இரண்டு கால்களில் சால்டர் செய்யுங்கள். டேப் சுற்றி மூடுங்கள். மறுமுனையை ஃபோனோ இன்புட்டின் இடது துளையில் சொருகி, வலது துளையில் ஷார்ட்டிங் பிளக் போடுங்கள். வால்யூமை மிகக் குறைவாக வைத்து ஆரம்பியுங்கள்.

இப்போது இந்தச் சுருளை, கார்ட்ரிட்ஜ் வரப்போகும் உயரத்தில் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்துங்கள். ஆம்பின் மேல் ஒரு பக்கம் கொண்டுபோனால் சத்தம் எழும்பும், அங்கேதான் டிரான்ஸ்பார்மர். மறுபக்கம் கொண்டுபோனால் தணியும். சுவரோரமாகக் கீழிருந்து மேலே கொண்டுபோனால் வயர் ஓடும் தடம் கேட்கும். சுருளை அதே இடத்தில் வைத்து மணிக்கட்டைத் திருப்பினால் ஒரு கோணத்தில் சத்தம் கிட்டத்தட்ட செத்துவிடும், கால் வட்டம் திருப்பினால் மறுபடி எழும். இந்த ஒன்றைக் காதால் கேட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். புலத்துக்கு அளவு மட்டுமல்லாமல் திசையும் உண்டு.

அதனால் இடம் மாற்ற முடியாத வீட்டில் திசையை மாற்றலாம். ஆம்பைக் கால் வட்டம் திருப்பி வைக்க முடியாது என்றாலும் தனியான ஃபோனோ பெட்டி, ஸ்டெபிலைசர், அடாப்டர் ஆகியவற்றைத் திருப்பிப் படுக்கவைத்து, நிமிர்த்தி, எந்த நிலையில் ஹம் குறைகிறது என்று பாருங்கள். வளைய வடிவ டொராய்டு டிரான்ஸ்பார்மர் இருக்கும் ஆம்ப் கசிவது குறைவு. உள்ளூரில் அசெம்பிள் செய்த ஆம்ப்களில் பெரும்பாலும் சதுரத் தகடு அடுக்கிய வகை இருக்கும், அதற்கு இன்னும் கொஞ்சம் தூரம் கொடுங்கள்.

எந்தத் தட்டில் எது

பொதுவாக டர்ன்டேபிளில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன்ஆர்மின் அச்சு வலது பின்மூலையில் இருக்கும். கார்ட்ரிட்ஜ் இசைத்தட்டின் வலப்பாதியில்தான் நடமாடும். ஆகவே டிரான்ஸ்பார்மர் உள்ள எந்தப் பெட்டியும் டர்ன்டேபிளுக்கு இடப்பக்கம் இருக்கட்டும். ஆம்பை வலப்பக்கம் ஒட்டி வைத்தவர்கள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தாலே பாதி ஹம் போய்விடும். கார்ட்ரிட்ஜ் இசைத்தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகப் போக ஹம் கூடுகிறது என்றால் அது டர்ன்டேபிளின் சொந்த மோட்டாராக இருக்கலாம். மோட்டாரை அணைத்துவிட்டு, ஊசி தட்டைத் தொடாமல் ஆர்மைக் கையால் அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள். சத்தம் நின்றால் ஊர்ஜிதம். இதற்கு இடமாற்றம் பயன்படாது, நன்றாக ஷீல்டு செய்த கார்ட்ரிட்ஜ் மாற்றுவதுதான் வழி.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டிய நிலை என்றால் ஆம்ப் கடைசித் தட்டு, டர்ன்டேபிள் மேல் தட்டு, நடுவில் சிடி போன்றவை. ஃபோனோ பெட்டியை ஆம்பின் தலையில் வைப்பது பலர் செய்யும் தவறு. அதை டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில், வலப்புறமாக வையுங்கள்.

நம் வீட்டுச் சுவர் அலமாரிகளில் கடப்பாக்கல் தட்டுகள் இருக்கும். டர்ன்டேபிளுக்கு அதைவிட நல்ல மேடை கிடைப்பது கஷ்டம். கனமானது, ஆடாது, வளையாது. மர உத்தரத்தின் மேல் தளம் போட்ட பழைய மாடி அறைகளில் நடந்தால் தரையே குலுங்கும். அங்கே சுவரில் பதித்த கடப்பாக்கல் தட்டுதான் சரியான இடம். மர ஸ்டாண்டு வைத்திருப்பவர்கள் 45 × 40 செ.மீ. அளவில் 20 மி.மீ. கனக் கடப்பாக்கல் ஒன்றை ஓரம் தேய்த்து வாங்கி, நான்கு மூலையிலும் கெட்டி ரப்பர் துண்டு வைத்து அதன்மேல் டர்ன்டேபிளை வைக்கலாம். ஆனால் கல் அதிர்வைத்தான் அடக்கும், காந்தப்புலத்தை அடக்காது. கீழ்த் தட்டில் ஆம்ப் இருந்தால் நடுவில் கல் இருப்பதால் ஒன்றும் குறையப்போவதில்லை.

இரும்பு அலமாரி, இரும்பு ரேக் வேறு கதை. இரும்பு காந்தப்புலத்தைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும். சரியான இடத்தில் இருந்தால் தடுப்பாகும், தவறான இடத்தில் இருந்தால் ஆம்பின் புலத்தைக் கார்ட்ரிட்ஜின் காலடிக்கே கொண்டுவந்து விடும். மெல்லிய தகடு 100 ஹெர்ட்ஸில் தானும் சேர்ந்து அதிரும். வேறு வழியே இல்லாமல் இரண்டு பெட்டிகளும் நெருங்கி இருக்க வேண்டும் என்றால், வெல்டிங் பட்டறையில் ஒன்றரை மி.மீ. இரும்புத் தகடு ஒரு துண்டு வாங்கி இரண்டுக்கும் நடுவில் நிறுத்திப் பாருங்கள். அலுமினியத் தகடும் சில்வர் ஃபாயிலும் இந்த 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு உதவாது.

ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வால்யூம் கூட்டும்போது மட்டும் எழுந்து வளர்ந்துகொண்டே போகும் உறுமல் மின்சார ஹம் கிடையாது, ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குத் திரும்பி வருவது. தட்டைச் சுழலவிடாமல், ஓடாத இசைத்தட்டின்மேல் ஊசியை இறக்கி, வால்யூமை மெல்ல ஏற்றி, பலகையை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் "தொம்" என்று கேட்டு அடங்காமல் இழுத்தால் அதுதான்.

சூடும் ஹம்மும்

இதை மதுரையில் இருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஆம்பின் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் உள்ள கணக்கு. சித்திரை, வைகாசியில் அறையே கொதிக்கும். அப்போது கண்ணாடிக் கதவு மூடிய ஷோகேஸுக்குள் ஆம்ப் ஓடினால் உள்ளே என்ன ஆகும் என்று கையை வைத்தே பார்க்கலாம். இன்று வைக்கும் இடம் சரியில்லை என்றால் நாலைந்து வருடத்தில் அந்த 100 ஹெர்ட்ஸ் ஹம் தானாக வந்து சேரும்.

ஆம்பின் தலைக்கு மேல் 10 முதல் 15 செ.மீ., இரண்டு பக்கமும் 5 செ.மீ., பின்னால் பிளக்கும் கேபிளும் வளையாமல் நிற்க 8 செ.மீ. காலி இடம் வேண்டும். ஹை-ஃபை பெட்டிகளின் வழக்கமான அகலம் 43 செ.மீ., ஆழம் 35 முதல் 40 செ.மீ. கடப்பாக்கல் தட்டின் ஆழத்தை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆம்பின் மேல் பூ வேலை செய்த துணி விரித்து, அதன்மேல் பொம்மையோ படமோ வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தத் துணி மூடுவது காற்றுத் துளைகளைத்தான். பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி எடுத்துவிடுங்கள். தூசிக்குத் துணி வேண்டுமென்றால் ஆம்பை அணைத்து, சூடு ஆறியபின் மூடலாம்.

வயர்கள்

சிக்னல் கேபிளும் கரண்ட் வயரும் ஒரே கட்டாகப் போகக் கூடாது. ரேக்கின் பின்புறம் ஒரு பக்கம் கரண்ட், மறுபக்கம் சிக்னல் என்று பிரித்துவிடுங்கள். இணையாக ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் 30 செ.மீ. இடைவெளி. குறுக்கே கடக்க வேண்டும் என்றால் கூட்டல் குறி போல நேர்க்குறுக்காக. மிஞ்சிய கரண்ட் வயரைச் சுருட்டி வளையமாகக் கட்டி ஃபோனோ கேபிளின் மேல் போடாதீர்கள்.

இடது கேபிளும் வலது கேபிளும் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டியே போக வேண்டும். இரண்டும் பிரிந்து அகன்று போனால் நடுவில் உண்டாகும் வளையம் ஒரு பெரிய ஆண்டெனா போலப் புலத்தை வாரிக்கொள்ளும். ஒரு சாண் தூரத்துக்கு ஒரு கட்டு என்று துணி நாடாவால் கட்டினாலே போதும். டர்ன்டேபிளின் கேபிள் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நீள வேண்டாம். ஸ்பீக்கர் வயரில் ஹம் ஏறுவது அரிது, அதில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

ஹம் ஒரு சேனலில் மட்டும் பலமாக வந்தால் ஷீல்டு எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் ஆர்.சி.ஏ. பிளக்கைத் திருகிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வெளி வளையம் கறுத்துப்போய்த் தளர்ந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, வளையத்தை லேசாக நெருக்கிச் சொருகுங்கள். அடுத்தது கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு மெல்லிய வயர்கள். வெள்ளை இடது, நீலம் இடதின் எர்த், சிவப்பு வலது, பச்சை வலதின் எர்த். நீலமோ பச்சையோ கழன்றிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஹம் முழங்கும்.

எர்த்

டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் வயர் ஆம்பின் பின்னால் உள்ள எர்த் திருகில் மாட்டப்பட வேண்டும். தனி ஃபோனோ பெட்டி இருந்தால் அதில் மட்டும். இரண்டிலும் மாட்டினால் வளையமாகிவிடும். டோன்ஆர்மை விரலால் தொட்டதும் ஹம் குறைந்தால் இந்த வயர் மாட்டப்படவில்லை அல்லது உள்ளே அறுந்திருக்கிறது.

எர்த் வளையம் என்பது இதுதான்: ஆம்ப் ஒரு சுவிட்ச் போர்டில், லேப்டாப்போ டிவியோ அறையின் மறுமூலையில் இன்னொரு போர்டில். இரண்டுக்கும் எர்த் உண்டு, ஆனால் இரண்டு எர்த்துக்கும் நடுவில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். நடுவில் ஆர்.சி.ஏ. கேபிளைப் போட்டதும் அந்த வித்தியாசம் கேபிளின் ஷீல்டு வழியாக ஓடும். ஆம்புக்கு அதுவும் சிக்னல்தான். செட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து, எர்த் உள்ள ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேர்த்தாலே பெரும்பாலும் இது தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். தெருக் கம்பத்திலிருந்து வரும் அந்த வயரின் ஷீல்டு வேறோர் எர்த்தைச் சுமந்துகொண்டு வருகிறது. எதைக் கழற்றியதும் ஹம் நிற்கிறதோ அங்கே தடுப்பு வையுங்கள். கேபிள் டிவி வயருக்கு ஐசோலேட்டர், ஆடியோவுக்குச் சிறிய ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர், டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் கேபிள். ஆப்டிகலில் ஒளி மட்டும் போவதால் எர்த் வளையத்துக்கு இடமே இல்லை. எர்த் இல்லாத இரண்டு பின் பிளக் கருவியாக இருந்தால் அதைத் திருப்பிச் சொருகிப் பாருங்கள், சிலவற்றில் ஹம் இறங்கும்.

மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் ஹம் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கவும் கூடும். ஆனால் ஆம்பின் உள்ளே ஒரு நாள் ஃபேஸ் வயர் பெட்டியைத் தொட்டால், எர்த் வழியாகப் போய் ஃபியூஸை அறுக்க வேண்டிய மின்சாரம் அந்தப் பெட்டியைத் தொடும் பிள்ளையின் உடம்பு வழியாகப் போகும். ஹம்மோடு கேட்பதே மேல். எர்த் பின்னைத் தொடவே வேண்டாம். வீட்டில் மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீசியனை வைத்து மல்டிமீட்டரால் பார்க்கலாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஃபேஸ்-நியூட்ரல் அளவு ஏறக்குறைய அப்படியே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பத்து, இருபது என்று காட்டினால் எர்த் பிட் வறண்டிருக்கிறது அல்லது வயர் விட்டிருக்கிறது. ஆம்பின் உலோகத்தைப் புறங்கையால் உரசினால் சுரீர் என்று கூசுவதும் அதே அறிகுறிதான். பாறை மேலாகவே இருக்கும் மலையடிவாரப் பகுதிகளில் கோடையில் எர்த் பிட் சீக்கிரம் காய்ந்துபோகும். பங்குனியிலிருந்து வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் உப்பும் கரியும் போட்டுப் புதிதாகக் குழி எடுப்பதுதான். நியூட்ரலையே எர்த்தில் இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

ஃபேனும் இன்வெர்ட்டரும்

வண்டு குடைவது போன்ற சத்தத்துக்கு முதலில் ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். நிற்காமல் வழுக்கிக்கொண்டு திரும்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையின் ஒரு பகுதியை வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது, வெட்டும் இடத்தில் சத்தம் பிறக்கிறது. நடு வேகத்தில் அதிகமாக இருக்கும். ஃபேனை நிறுத்தியதும் போனால், 1, 2, 3 என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றுங்கள். சின்னச் செலவு, உடனே தெரியும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏறியதும் ஃபேனே "ர்ர்" என்று உறுமினால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் வகை. ஆம்பின் டிரான்ஸ்பார்மரும் அதே போல் உறுமும், எவ்வளவு தள்ளி வைத்தாலும். செட் இருக்கும் போர்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடலாம், அல்லது அடுத்த முறை மாற்றும்போது சைன் வேவ் வாங்கலாம்.

எல்லாம் முடிந்ததும் மூன்று வேளையில் கேட்டுப் பாருங்கள்: பகலில் மிக்ஸியும் தண்ணீர் மோட்டாரும் ஓடும்போது, ராத்திரி 11 மணிக்கு மேல் வோல்டேஜ் ஏறியிருக்கும்போது, மெயினை அணைத்து இன்வெர்ட்டரில். வழக்கமான வால்யூமில், பாட்டில்லாமல், நீங்கள் உட்காரும் நாற்காலியில் ஒன்றும் கேட்கக் கூடாது. ஸ்பீக்கரிடமிருந்து ஒரு அடிக்குள் காதைக் கொண்டுபோனால் லேசாகக் கேட்பது பரவாயில்லை. அந்த நிலை வந்ததும் ஒவ்வொரு பெட்டியின் கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டு, கேபிள்களின் இரு முனையிலும் பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். போகிக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டியிருக்கும்.